மாலை போட்ட மோரே சாஹேப்பும் 393-ஆம் அலமாரியும்

மாலா, குமார்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தீர்கள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். நான் வேலை பார்த்த நூலகத்தின் போட்டோப் பக்கம். அதில் உங்கள் அம்மா டிபன் பையோடு நிற்கிறாள். படத்துக்குக் கீழே மராத்தியில் "வெடிபொருட்கள்" என்று போட்டிருக்கிறது.

"அப்பா, இது யாரு பண்ண வேலை?" என்று மாலா கேட்டாள்.

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து அம்மாதான், "வேற யாரு? உங்கப்பாதான். கேளுங்க, இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்" என்றாள்.

வாயால் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். குமார், உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும். பரவாயில்லை, மெதுவாக வாசி. புரியாத இடத்தில் அக்காவைக் கேள். அவளுக்கும் புரியவில்லை என்றால் இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள்.

என் படிப்பு பத்தாவது. இந்த மராத்தி ஊர்ப் பக்கம் ஆகுர்டியில் கம்பெனி வேலை என்று ஒருவர் சொன்னதை நம்பி வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில் ஏறினேன். வந்து இறங்கியபோது கம்பெனியில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். பக்கத்து ஊரான பிம்ப்ரியில் ஒரு நூலகத்தில் இரும்பு அலமாரிகளை மாடிக்கு ஏற்ற ஆள் தேடினார்கள். ஏற்றினேன். ஏற்றியவனே துடைக்கட்டும் என்றார்கள். துடைத்தேன். துடைத்தவனே புத்தகத்தையும் அடுக்கட்டும் என்றார்கள். இப்படி முப்பத்திரண்டு வருடம் ஓடியது. முதல் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூசிதான்.

அந்தப் பத்து வருடத்தில் ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். நூலகத்தில், உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. சமையலுக்கு 641. வியாதிகளுக்கு 616. ஆடு, மாடு, நாய், பூனைக்கு 636. பேய் பிசாசுக்குக்கூட 133 என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்தவர்களுக்கு இதெல்லாம் மூளையில் இருக்கும். எனக்குக் காலில் இருந்தது. யாராவது "616" என்றால் என் கால் தானாக மூன்றாவது வரிசைக்கு நடக்கும். ஒரு பொருள் எந்த அலமாரியில் நிற்கிறதோ, அதுதான் அதன் எண், அதன் விலாசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த வினை முழுவதும் இதிலிருந்துதான் வந்தது.

அங்கே என்னை எல்லோரும் "அண்ணா" என்பார்கள். வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். தெற்கிலிருந்து வந்த ஆண் பிள்ளை என்றால் இந்த ஊரில் அண்ணாதான். குமாரையே அவன் ஆபீஸில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

என் மேலதிகாரி நூலகர் ஜோஷி மேடம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதிரே நிற்கிறவனுக்கும் உத்தரவைச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பார். "மின்விசிறி எண் 4 சத்தம் போடுகிறது. பார்க்கவும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டுவார். நான் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாங்கிப் படித்துவிட்டு மேலே பார்ப்பேன். "பாத்துட்டேன் மேடம்" என்பேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக் கம்பியில் குத்தி வைப்பார். வேலை நடந்ததற்கு அத்தாட்சி.

நூலகத்து மாடியில் அப்யாசிகா இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்து உட்காருகிற அறை. அறுபது நாற்காலி, பதினைந்து மேஜை. வீட்டில் கால் நீட்ட இடம் இல்லாத பிள்ளைகள் காலையில் வந்து, பூட்டும்வரை அங்கேயே கிடப்பார்கள். எங்கள் கமிட்டித் தலைவர் மோரே சாஹேப்புக்கு அந்த அறையின்மேல் கண் விழுந்துவிட்டது. உதிரி பாகத் தொழிலில் நன்றாக வந்தவர். அவர் சொன்னால் மற்ற ஆறு உறுப்பினர்களும் தலையாட்டுவார்கள்.

"மேல யாரு வர்றாங்க? நாலு பேர் தூங்கறாங்க. ஹால் ஆக்கிட்டா சாக்கர்புடா நடத்தலாம், மோதிரம் மாத்தி, சாப்பாடு போட்டு, ஜோரா இருக்கும்" என்றார். அவர்கள் மராத்தியில் பேசியதை எல்லாம் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"வர்றாங்க சாஹேப். காட்டறேன்" என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் எனக்குச் சீட்டு வந்தது. "இன்று முதல் தினமும் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றவும்." எனக்கு ஏன் வந்தது என்றால், ஊழியர்களில் என் போன்தான் புதியது. மாலா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஆக, இந்தக் கதையில் உனக்கும் பங்கு உண்டு மாலா.

பின்னாலேயே விதிமுறைச் சீட்டும் வந்தது. படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். கண் மூடியிருக்கும் படம் கூடாது. ஒவ்வொரு படத்தையும் புத்தகம் போலவே ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். வரிசை எண், தேதி, தலைப்பு, பகுப்பு எண், எல்லாம். தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்படி அந்த எண்ணுக்குரிய பொருளை டேக் ஆகப் போட வேண்டும்.

கண் விஷயம்தான் முதலில் கஷ்டமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் யாருக்கும் கண் திறந்திருக்காது. நான் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, "ஆஜோபா, கண்ணைத் திறங்க, போட்டோ" என்பேன். அவர் திடுக்கிட்டு விழிப்பார். உடனே எடுத்துவிடுவேன். அதனால் எங்கள் இணையப் பக்கத்தில் எல்லாத் தாத்தாக்களும் போலீஸைப் பார்த்ததுபோல இருப்பார்கள். "அங்கே இவர்களை என்ன செய்கிறீர்கள்?" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார்.

அடுத்தது எண். மனிதர் இருக்கிற போட்டோவுக்கு எந்த எண்ணைப் போடுவது? மேடத்திடம் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருட அனுபவம் இருக்கிறவன் இதைக் கேட்பானா? பொருள் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். ஆகவே, படத்தில் இருப்பவருக்குப் பின்னால் எந்த அலமாரி தெரிகிறதோ அந்த எண்ணைப் போட்டேன். அலமாரித் தகட்டில் எழுதியிருந்ததை அப்படியே டேக் ஆகத் தட்டினேன். சுத்தமான வேலை என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

இப்படித்தான் மீசை வைத்த பழைய பயில்வான் ஒருவர் "குழந்தை வளர்ப்பு" ஆனார். கல்யாணம் ஆன கையோடு உறுப்பினர் அட்டை வாங்க வந்த ஜோடி "வியாதிகள்" ஆனது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் 636-இல் ஆடுமாடுகளோடு சேர்ந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. அரசாங்க விதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வங்கிக்காரர் என்னிடம் வந்து, "அண்ணா, என் நம்பர் என்னன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

டிபன் கொடுக்க வந்த உங்கள் அம்மா நின்ற இடம் 662. வெடிமருந்து. தெரிந்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். அப்போது எண் சரிதான் என்று தோன்றியது.

மேடம் சனிக்கிழமைதோறும் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதில் எண் மட்டும்தான் இருக்கும். 616 என்று இருந்தால், வியாதியைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

நூலகத்தில் குடிதண்ணீர் இயந்திரம் வைத்தார்கள். திறந்து வைக்க மோரே சாஹேப் வந்தார். சாமந்தியும் ரோஜாவும் கலந்து தொடைவரை தொங்கும் மாலை போட்டார்கள். முதல் டம்ளர் தண்ணீரை அவரே பிடித்துக் குடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சாஹேப், ஒரு போட்டோ" என்றேன்.

வெளிச்சம் நன்றாக இருந்த ஜன்னல் ஓரத்தில் நிறுத்தினேன். "கொஞ்சம் சிரிங்க சாஹேப்."

"போட்டோல சிரிக்கறது சின்னப் பசங்க வேலை. எடு" என்றார்.

எடுத்தேன். தண்ணீர் இயந்திரம் ஓரத்தில் பாதியாகத் தெரிந்தது அழகாக இல்லை என்று அதை வெட்டிவிட்டேன். மிச்சம் இருந்தது மோரே சாஹேப்பின் முகம், தோள், மாலை. பின்னால் 393. தகட்டில் "அந்த்யவிதி". நம் பாஷையில் ஈமச் சடங்கு. நான் தலைப்பில் "நம் அன்புக்குரிய தலைவர் மோரே சாஹேப்" என்று எழுதி, "அந்த்யவிதி" என்று டேக் போட்டு ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சப்பாத்தி சாப்பிட்டேன்.

காலையில் போனைத் திறந்தால் இருநூறுக்கு மேல் கமெண்ட். அறுபது நாற்காலிகளையும் போட்டோ எடுத்தபோது வந்தது மொத்தம் மூன்று கமெண்ட். சந்தோஷம் தாங்காமல் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் ஆள் "பாவ்பூர்ண் ஷ்ரத்தாஞ்சலி" என்று எழுதி, கும்பிடும் கை போட்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி. இந்த ஊரில் ஒருவர் அதை எழுதிவிட்டால் போதும், அடுத்தவர் யார், எப்போது என்று கேட்கமாட்டார். அவரும் எழுதுவார். இரண்டாமவர் எழுதியிருந்தார். மூன்றாமவர். கீழே தள்ளத் தள்ளக் கும்பிடும் கைகள் வந்துகொண்டே இருந்தன.

நான் பிம்ப்ரி போய் இறங்குவதற்குள் சௌக்கில், அந்த நாற்சந்தியில், பேனரே கட்டிவிட்டார்கள். என் போட்டோவேதான். நான் வெட்டியபடியே.

பதினொரு மணிக்கு மோரே சாஹேப் நூலகத்துக்குள் வந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது.

"காலையில வீட்டுக் கதவைத் திறந்தது நான்! எங்க குடியிருப்பு சொசைட்டிக்குப் புதுசா வந்தவன் ஒருத்தன் வெள்ளைச் சட்டையோட நிக்கறான். என்கிட்டயே கேக்கறான், எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு!"

"நீங்க என்ன சொன்னீங்க சாஹேப்?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அண்ணா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் தாமாகவே கண் திறந்தது.

"இந்த நிமிஷம் அதை எடு" என்றார்.

நான் போனை எடுத்தேன். மேடம் மேஜைக்குப் பின்னாலிருந்து, "முடியாது" என்றார்.

"என்ன முடியாது?"

"ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு சாஹேப். ஏறின பொருளை நீக்கணும்னா கமிட்டி தீர்மானம் வேணும். பொருளை மேஜைமேல வெக்கணும். வாசகர்கள் அதுல எழுதின கருத்தை எல்லாம் முழுசா வாசிக்கணும். அப்புறம்தான் நீக்கலாம். விதி."

"எந்த மடையன் போட்ட விதி?"

மேடம் பழைய தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். முன்பு ஒரு முறை நல்ல புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. அப்போது கொதித்துப்போய் இந்த விதியைக் கொண்டுவந்தவர் மோரே சாஹேப்தான். கீழே அவர் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது.

"மீட்டிங் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. மாடி அறையை ஹால் ஆக்கற விஷயமும் அன்னைக்குத்தான்."

"ரெண்டையும் சேர்த்தே முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. அதைவிட, அந்த அறை நிறைந்திருப்பதைக் காட்டத்தானே மேடம் படம் எடுக்கச் சொன்னார்? நான் எடுத்த படமே அந்த அறைக்குக் கொள்ளி வைத்துவிடும்போல இருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மேடத்திடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இறங்கி வந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் சீட்டு நீட்டினார். "வெள்ளி மாலை மூன்று மணி. கமெண்டுகளை நீங்கள் வாசிக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை."

வெள்ளிக்கிழமை ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். எங்கள் வழக்கப்படி நீக்கும் பொருள்கள்தான் முதலில், புது விஷயம் பிறகு. மேடம் அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து மேஜை நடுவில், மோரே சாஹேப்புக்கு நேர் எதிரே சாய்த்து வைத்தார். இரண்டு மோரே சாஹேப்பும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். கமெண்டுகள் அச்சிட்ட தாள்கட்டு என் கையில் இருந்தது.

நான் எழுந்து வாசித்தேன். என் மராத்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"'பாவ்பூர்ண் ஷ்ரத்தாஞ்சலி.' 'பாவ்பூர்ண் ஷ்ரத்தாஞ்சலி.' 'பாவ்பூர்ண்...'"

"அதையெல்லாம் விடு" என்றார் மோரே சாஹேப்.

"முழுசா வாசிக்கணும் சாஹேப்" என்றார் மேடம்.

வாசித்தேன். ஐந்தாவது பக்கத்தில்தான் வேறு மாதிரி வந்தது. "'மோரே சாஹேப்போல ஒருவரைப் பார்க்க முடியாது. தினமும் ஸ்கூட்டரை என் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவார். இனி அந்த இடம் வெறுமையாக இருக்கும்.'"

"யாரு அது?"

"பேர் இல்ல சாஹேப். ரோஜாப்பூ படம்தான் இருக்கு."

"வாசி."

"'சொசைட்டி மீட்டிங் இனிமேல் சீக்கிரம் முடிந்துவிடும். இருந்தாலும் வருத்தமாக இருக்கிறது.'"

ஓர் உறுப்பினர் வாயில் இருந்த சமோசாவை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார். மோரே சாஹேப் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என் மச்சான் என்ன எழுதியிருக்கான்?"

பக்கங்களைப் புரட்டினேன். "அவர் எழுதலை சாஹேப்."

"ஒண்ணுமேவா?"

"கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கார்."

"வீட்டுக்கு வரட்டும்" என்றார். பிறகு, "அடுத்தது" என்றார். அதன்பிறகு நான் நிறுத்தும்போதெல்லாம் "அடுத்தது, அடுத்தது" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசித் தாள் வந்தது. கோந்த்வாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். "'நானும் அவனும் அந்த மாடி அறையில்தான் டிப்ளமோவுக்குப் படித்தோம். அவன் வீட்டில் ஓர் அறைக்குள் ஒன்பது பேர். ஜன்னல் ஓர நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பான். மூடும் மணி அடித்தால் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அந்த நாற்காலி மட்டும் இல்லை என்றால் நாங்கள் பாஸாகியிருக்க மாட்டோம். போய் வா பாவூ, சகோதரா.'"

வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தேன்.

மோரே சாஹேப் எதிரே இருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்குட்டை இல்ல" என்றார். "தொப்பி."

தன் தலையில் கை வைத்துக் காட்டினார்.

"கைக்குட்டை போட்டா எடுத்து எறிஞ்சுட்டு உக்காந்துடுவாங்க. தொப்பின்னா தொடமாட்டாங்க. அவனுக்கு எப்பவுமே ஞாபகம் போதாது."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். "சாஹேப், நீக்கறதுக்குக் காரணம் எழுதணும். ரிஜிஸ்டர்ல மூணு காரணம்தான் இருக்கு. கிழிஞ்சது, தொலைஞ்சது, காலாவதி. எதை எழுத?"

"நான் கிழிஞ்சிருக்கேனா?"

"இல்ல சாஹேப்."

"தொலைஞ்சிட்டேனா?"

"இங்கதான் இருக்கீங்க."

மூன்றாவதை அவர் கேட்கவில்லை. உறுப்பினர்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நீக்க முடியாது. இருக்கட்டும்" என்றார்.

"அடுத்தது மாடி அறை" என்றார் மேடம், அதே குரலில். "அதுவும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறினதுதான். நாற்காலி அறுபது, மேஜை பதினஞ்சு. அதை எடுக்கறதுக்கும் அதே மூணு காரணம்தான்."

மோரே சாஹேப் ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"நல்ல விதி" என்றார். "சாக்கர்புடாவுக்கு மைதானம் இருக்கு. அடுத்தது?"

அடுத்தது ஒன்றும் இல்லை. அவர் எழுந்து யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓர நாற்காலியில் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் வராமல் இறங்கிவிட்டார். அன்றைக்கே உட்கார்ந்து, அஞ்சலி எழுதிய ஒவ்வொருவருக்கும் "மிக்க நன்றி" என்று தன் கையால் பதில் போட்டார். செத்தவரிடமிருந்து நன்றி வந்ததில் இரண்டு மூன்று பேர் எங்கள் பக்கத்தைவிட்டே ஓடிப்போனார்கள்.

தாள்கட்டைக் கோப்பில் வைக்கும்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். கோந்த்வாக்காரர் எழுதியது வியாழக்கிழமை காலையில். தேதிப்படி அது நடுவில் எங்கோ வர வேண்டும். கடைசியில் கொண்டுபோய் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை. சீட்டுதான் கொடுத்தார். "மனிதர்களுக்கு அலமாரி எண் போட வேண்டாம்."

"அப்ப என்ன நம்பர் போடறது மேடம்?"

அவர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். சீட்டைத் திரும்ப வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். "காலியாக விடவும்."

அம்மாவின் படத்தில் மட்டும் ஏன் இன்னும் வெடிபொருள் இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தச் சீட்டு வரும் முன்பே ஏறியது. எடுக்க வேண்டும் என்றால் கிழிந்தது, தொலைந்தது, காலாவதி, இந்த மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். எதை எழுதட்டும் என்று அம்மாவிடம் கேட்கிற தைரியம் உங்களில் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் கேளுங்கள். நான் கேட்கமாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு நான்தான் பூட்டினேன். பூட்டுவதற்கு முன் கீழே தனியாக உட்கார்ந்து போனைத் திறந்தேன். மேடம் தன்னைப் படம் எடுக்க விடமாட்டார். ஒரே ஒரு தடவை, கிழிந்த அட்டையை ஒட்டும்போது, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். எடுக்கட்டுமா என்று கேட்டேன். ஒட்டுகிற கவனத்தில் தலையை ஆட்டிவிட்டார். அந்தப் படத்துக்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் தமிழில் தட்டினேன். "மேடம் ரொம்ப நல்லவங்க. இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளும் குறைவாகப் பேசினதில்லை. இதை இப்பவே சொல்லி வைக்கிறேன்." அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

முடித்ததும் போன் தானாகவே கும்பிடும் கையைக் கொண்டுவந்து வரியின் கடைசியில் ஒட்டியது. அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.